நான்காவது கட்டமும் தோட்டத்து மாடும்

1995 ஆகஸ்ட் 8, செவ்வாய்க்கிழமை. எழுந்தது 5.10. பல் தேய்த்து, ஒரு டம்ளர் வெந்நீர் குடித்து, வேதத்தில் ஒரு அதிகாரம் வாசித்தேன். 5.30க்குப் பால் வந்தது. 5.40க்கு பீரோவைத் திறந்து, தேய்த்து வைத்த சட்டையை எடுப்பது வழக்கம். அன்று எடுக்க முடியவில்லை. பீரோச் சாவி முந்தின நாள் இரவே எங்கள் சபைப் போதகரின் சட்டைப் பைக்குப் போய்விட்டது. பின்கதவுச் சாவியும் மோட்டார் அறைச் சாவியும் அதே வளையத்தில் அவரோடு போயிருந்தன.

என் நாட்குறிப்பில் நாளொன்றுக்கு ஒன்பது வரிக்கு மேல் எழுதுவதில்லை. அன்றைய பக்கம் மட்டும் ஓரம் வரைக்கும் நிரம்பி, மறுநாள் பக்கத்தில் பாதியையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

5.45க்கு அடுப்பில் பால் பொங்கியது. என் மனைவி வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அடுப்புக்கு மூன்றடி தள்ளி, சமையலறை முக்காலியில், என் மாமனார் உட்கார்ந்திருந்தார். பால் விளிம்புக்கு வந்ததையும், விளிம்பைத் தாண்டியதையும், மேடையில் வழிந்து தரைக்கு இறங்கியதையும் அவர் கவனமாகப் பார்த்தார். கையை மட்டும் நீட்டவில்லை.

தீய்ந்த வாசனைக்கு மனைவி ஓடி வந்தாள். "ஏனுங்கப்பா, கண்ணு முன்னாலதானே பொங்குது. அடுப்பை அணைக்கக் கூடாதுங்களா?"

"நான் டியூட்டியில இல்லை அம்மணி," என்றார் அவர். "இன்னும் சார்ஜ் வாங்கலை."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முகம் தெளிவாக இருந்தது. இரவு 9.15க்குப் படுத்தவர் காலை 5.30 வரை ஒரே உறக்கம். மூன்று வருடத்தில் அவர் அப்படித் தூங்கி நாங்கள் பார்த்ததில்லை. கரித்துணியோடு நின்ற என் மனைவிக்குச் சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை.

5.50க்கு வாசல் கேட் சத்தம் கேட்டது. போதகர் உள்ளே வந்தார். முப்பத்தைந்து வயதுக்காரர்; எப்போதும் தலை வாரி, சட்டையை உள்ளே விட்டு, நேர்த்தியாக இருப்பவர். அன்று தலைமுடியில் வைக்கோல் இருந்தது. சட்டைப் பொத்தான்கள் ஒன்று தள்ளி மாட்டியிருந்தன. கையில் எங்கள் சாவி வளையம். அவருக்குப் பின்னால், அவருடைய டார்ச் லைட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் காம்பவுண்டை ஒட்டிய தோட்டத்தின் சொந்தக்காரர் வந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எங்களிடம் பேசும்போது ஒவ்வொரு வார்த்தைக்கும் மரியாதை சேர்த்துப் பேசுவார், திட்டும்போதும் அப்படித்தான்.

"ஏனுங்க, இவரு உங்க சாமிதானுங்களே?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாங்க."

"ராத்திரி ரெண்டு மணிக்கு என்ற மாட்டுக் கொட்டாய்ல நின்னுட்டிருந்தாருங்க. தடியை ஓங்கிப்போட்டேன். நல்ல வேளை, 'தோத்திரம்'னு கத்துனாரு. அதுல அடையாளம் தெரிஞ்சுது. ஏனுங்க சாமி இந்நேரத்துலன்னு கேட்டா, மாட்டுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கேங்கறாரு. அது என்ற மாடுங்க. விடியற வரைக்கும் போக மாட்டேன்னு அங்கயே உக்காந்துட்டாருங்க. நான் யாருக்கும் எழுதிக் குடுக்கலீங்களே?"

போதகர் தரையைப் பார்த்தார். மாமனார் முக்காலியிலிருந்து எழுந்து வந்து, "மாடு எப்படிங்க இருக்குது?" என்று போதகரிடம் கேட்டார்.

"இன்னும் ஈனலீங்க ஐயா."

"சரி. புத்தகத்தை எடுத்துட்டு வாங்க மாப்பிள்ளை. சார்ஜை வாங்கிப்போடலாம்."

இது எப்படி வந்தது என்று முறையாகச் சொல்ல வேண்டும்.

என் மாமனார் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்போது வயது எழுபத்து மூன்று. அத்தை இறந்ததிலிருந்து, மூன்று வருடமாக, போத்தனூரில் எங்களோடு இருந்தார். அத்தை இருந்தவரை இரவு ஒன்பது மணிக்கு, "போதுமுங்க, படுங்க" என்று ஒரு வார்த்தை சொல்வார், இவர் படுத்துவிடுவார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஆள் இல்லாமல் போனதும் தூக்கமும் போய்விட்டது. எட்டரைக்குத் தொடங்கும் குடும்ப ஜெபம் முடிந்ததும் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்ப்பார். பின்கதவுத் தாழ். மோட்டார் சுவிட்ச். திரும்பவும் கேஸ். பிறகு கட்டிலில் கண்ணைத் திறந்துகொண்டு, ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் இருக்கும் மகனைப் பற்றியும், அவன் குழந்தையின் இழுப்பைப் பற்றியும், காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் நிறை சினையாக நிற்கும் காங்கேயம் மாட்டைப் பற்றியும் கவலைப்படுவார். மாடு எங்களுடையது அல்ல. ஆனால் கட்டிலில் படுத்தால் அது மூச்சு விடுவது அவருக்குக் கேட்கும்.

ஜூலையில் ஒரு நாள் குளியலறை வாசலில் தலை சுற்றி விழுந்தார். டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, இந்த வயதில் இப்படித் தூக்கம் இல்லாமல் போனால் பக்கவாதத்தில் கொண்டுபோய் விடும் என்று நேராகவே சொன்னார். தூக்க மாத்திரை எழுதினார். மாமனார் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "பொறுப்புல இருக்கறவன் மாத்திரை போட்டுத் தூங்கினா சஸ்பெண்டுங்க டாக்டர்."

ஜூலை 30, ஞாயிறு மாலை, சபையில் முதியோர் கூடுகை. போதகர் பேசினார்: "படுக்கைக்குப் போகும் முன் எல்லாப் பொறுப்பையும் ஆண்டவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். பிறகு அது அவர் பாடு. நீங்கள் தூங்குங்கள்." பெரியவர்கள் எல்லாரும் தலையாட்டிவிட்டு, சுண்டலும் டீயும் சாப்பிட்டுப் போனார்கள். என் மாமனார் மட்டும் கடைசி வரைக்கும் நின்று, "எந்த ஃபாரத்துலங்க ஒப்படைக்கறது?" என்று கேட்டார்.

போதகர் சிரித்தார். அதை அவர் நகைச்சுவை என்று நினைத்துவிட்டார்.

அடுத்த தவறு என்னுடையது. ரயில்வேயில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் வேலை முடிந்து போகும்போது, நிலுவையில் உள்ளதையெல்லாம் புத்தகத்தில் எழுதி, அடுத்து வருகிற ரிலீவரிடம் காட்டி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று மாமனார் விளக்கினார். எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. நான் வேலை செய்த மில்லின் சோதனை அறையிலும் ஷிப்ட் மாறும்போது அப்படித்தான் எழுதுவோம். ஜூலை 31 அன்று நானே ஒரு நீள நோட்டு வாங்கி, ஸ்கேல் வைத்து, சிவப்பு மையில் கோடு போட்டுக் கொடுத்தேன். நான்கு கட்டங்கள். நேரம், ஒப்படைக்கும் விவரம், ஒப்படைத்தவர், பொறுப்பேற்றவர்.

மூன்று கட்டங்களோடு நிறுத்தியிருக்கலாம்.

அன்று இரவு ஜெபத்துக்குப் பிறகு மாமனார் பதினொரு விவரங்களை வரிசை எண்ணோடு எழுதினார். கேஸ் சிலிண்டர், அணைக்கப்பட்டது. பின்கதவு, பூட்டப்பட்டது. பப்பாளி மரம், தெற்கே சாய்ந்த நிலை. மாடு, நிறை சினை. மூன்றாம் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். நான்காம் கட்டத்தின் மேல் பேனாவைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு கட்டிலுக்குப் போகாமல் மடக்கு நாற்காலியில் வாசலைப் பார்த்து அமர்ந்தார்.

"படுக்கலீங்களா மாமா?"

"ரிலீவர் கையெழுத்துப் போடற வரைக்கும் எடத்தை விட்டு நகரக் கூடாதுங்க மாப்பிள்ளை."

முன்பாவது மூன்று மணி நேரம் தூங்குவார். ஆகஸ்ட் 6 வரை, ஏழு இரவுகள், அதுவும் இல்லை. நானே கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். பொறுப்பேற்கிறவர் தன்னைவிட மேல் பதவியில் இருக்க வேண்டும், மாப்பிள்ளையாக இருப்பது பதவி ஆகாது என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். மனைவி, "நான் போடறனுங்கப்பா, குடுங்க" என்றாள். "உனக்குச் சிக்னல் தெரியாதே கண்ணு," என்றார். ஆறாம் தேதி நாற்காலியிலிருந்து சரிந்து விழப் பார்த்தார். என் மனைவி அழுதுகொண்டே போய்ப் போதகரை அழைத்து வந்தாள் என்று எழுதினால் அது சரியாக இருக்காது. அழுதாள், மறுநாள் போனாள்.

ஏழாம் தேதி, திங்கள், இரவு எட்டரைக்குப் போதகர் வந்தார். ஒரு கையெழுத்துதானே என்று நினைத்திருக்க வேண்டும். ஆனால் மாமனார் பார்க்காமல் கையெழுத்து வாங்குகிறவர் அல்ல. கேஸ் குமிழைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பப்பாளி மரத்தின் சாய்வைக் காட்டினார். ஒரு ஸ்டூல் போட்டு ஏற்றி, காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் மாட்டைக் காட்டினார். "இன்னைக்கோ நாளைக்கோங்க. கால் மாத்தி மாத்தி நிக்குது பாருங்க." ஈரோட்டுக் குழந்தைக்கு எந்த மருந்து, எத்தனை முறை என்பதையும் சொன்னார். முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆயிற்று. பிறகு சாவி வளையத்தை அவர் கையில் வைத்தார். போதகர் நான்காம் கட்டத்தில், "ஆண்டவர் சார்பில்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மாமனார் நாற்காலியை மடக்கினார். கட்டிலுக்குப் போனார். குறட்டை 9.20க்குத் தொடங்கியது.

அந்தக் கையெழுத்தின் மறுநாள்தான் நான் முதலில் சொன்ன காலை.

நால்வரும் கூடத்தில் உட்கார்ந்தோம். வழிந்தது போக மிச்சப் பாலில் மனைவி காப்பி போட்டுக் கொடுத்தாள். போதகர் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டார்.

"பத்து மணிக்கு முழங்கால் போட்டு எல்லாத்தையும் ஆண்டவர்கிட்ட வெச்சேனுங்க ஐயா," என்றார். "பதினொண்ணையும் வரிசையா. பத்தரைக்குப் படுத்தேன். அப்புறம் ஒவ்வொண்ணா நானே திருப்பி எடுத்துக்கிட்டேன். பப்பாளி மரம் விழுந்துருமோன்னு இருந்துச்சு. ஒண்ணரைக்கு மாடு ஞாபகம் வந்துச்சு. கையெழுத்துப் போட்டிருக்கேனே. வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன்."

"வந்து என்னங்க பண்ணுவீங்க?" என்றார் தோட்டத்துக்காரர். "உங்களுக்குப் பிரசவம் பாக்கத் தெரியுங்களா?"

"தெரியாதுங்க."

"பின்னே?"

"பக்கத்துல நிக்கலாம்னு."

தோட்டத்துக்காரர் டார்ச் லைட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். "மாடு பயந்துபோய்த் தண்ணிகூடக் குடிக்கலீங்க," என்றார் மெதுவாக.

மாமனார் புத்தகத்தைத் திறந்து, சாவியை எண்ணி வாங்கி, "சார்ஜ் திரும்பப் பெறப்பட்டது, 6.10" என்று எழுதினார். போதகர் எழுந்து, "இன்னைக்கு ராத்திரியும் வாரேனுங்க ஐயா," என்றார். அவர் நேர்மையானவர். சொன்னால் வந்துவிடுவார். அதுதான் பயமாக இருந்தது. மாமனார் எழுந்து அவர் தலையில் இருந்த வைக்கோலை எடுத்துப்போட்டு, "வேண்டாமுங்க. போய்ப் படுங்க" என்றார்.

நான் பீரோவைத் திறந்து சட்டை போட்டுக்கொண்டு 7.20 பஸ்ஸைப் பிடித்தேன். மில்லில் அன்று நூல் பரிசோதனை பன்னிரண்டு மாதிரி. எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் நான் ஒரு மாதிரியை இரண்டு முறை சோதித்துவிட்டேன் என்று குறிப்பில் இருக்கிறது. இரவு மறுபடியும் நான்காம் கட்டம் காலியாக இருக்கும். அவர் மறுபடியும் நாற்காலியை விரிப்பார். இந்த முறை சரிந்தால் நான் தூங்கிக்கொண்டிருப்பேன். வேறொன்றும் எனக்கு ஓடவில்லை.

5.15க்கு வீடு திரும்பியபோது மாமனார் கொல்லைப்புறத்தில் சாம்பல் வைத்து ஒரு விளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சிவப்பு, பச்சை, வெள்ளை என்று கண்ணாடி மாற்றிக்கொள்ளக்கூடிய ரயில்வே கை விளக்கு. பழைய சாமான் கடையில் அவர் என்றோ வாங்கி, பரணில் போட்டு வைத்திருந்தது.

"ஒரு நல்ல மனுஷனை மாட்டுக் கொட்டாய்ல நிறுத்திப்போட்டேனுங்க மாப்பிள்ளை," என்றார் நிமிராமல். "அவரும் என்னை மாதிரிதான். அவருக்கு யாரு ரிலீவரு?"

நான் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன்.

"ஈரோட்டுக்கு அந்தாண்ட ஒரு சின்ன ஸ்டேஷன்ல ரெண்டு வருஷம் இருந்தேன். நைட்டுக்கு ஆள் கிடையாதுங்க. அங்க யாருக்கும் சார்ஜ் குடுக்கறதில்லை. ஸ்டேஷனையே மூடிப்போடறது. இந்தப் பக்கத்து ஸ்டேஷனுக்கும் அந்தப் பக்கத்து ஸ்டேஷனுக்கும் 'மூடறேன்'னு செய்தி குடுக்கணும். ரெண்டு பேரும் சரிம்பாங்க. மெயின் லைன் சிக்னலை எல்லாம் போகலாம்னு வெச்சுப்போட்டு, ரூமைப் பூட்டிட்டு ஊட்டுக்குப் போயிர வேண்டியதுதான். அவங்க ரெண்டு பேரும் நேராப் பேசிக்குவாங்க. வண்டி நிக்காமப் போயிரும்."

"அப்போ நடுவுல இருக்கற நம்ம ஸ்டேஷன்?"

"இருக்கும். ஆனா விசாரிக்க மாட்டாங்க." விளக்கைத் தூக்கி வெயிலில் பார்த்தார். "அந்த ரெண்டு வருஷம் நான் நல்லாத் தூங்கினேன். இத்தனை நாள் ஞாபகம் வராமப் போச்சு பாருங்க."

எட்டரைக்குக் குடும்ப ஜெபம். ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், பிறகு மூவரும் முழங்கால் போட வேண்டும். வழக்கமாக மாமனார் ஜெபம் இருபத்தைந்து நிமிடம். ஈரோட்டில் புறப்பட்டு எல்லா உறவினர் வீட்டிலும் நின்று வரும். அன்று சார்ஜ் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. கேஸை ஒரு முறை பார்த்தார். கதவைப் பூட்டினார். விளக்கில் பச்சைக் கண்ணாடியைத் திருப்பி, ஏற்றி, ஜன்னல் கம்பியில் மாட்டினார். வந்து எங்களோடு முழங்கால் போட்டு, "ஸ்டேஷனை மூடறேனுங்க ஆண்டவரே" என்றார். அவ்வளவுதான்.

நான் காத்திருந்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "ரெண்டு பக்கமும் செய்தி குடுக்கணும்னீங்களே மாமா. ரெண்டு பக்கமும் யாருங்க?"

"ரெண்டு பக்கமும் அவருதானுங்க. நேத்தைக்கும் அவரு, நாளைக்கும் அவரு."

"பதில் வரணுமில்லீங்களா?"

"வரணும்."

எழுந்திருக்கவில்லை. நாங்களும் எழுந்திருக்கவில்லை. முழங்கால் வலித்தது. இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் நீளமாக ஒரு குரல் கேட்டது. நான் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தேன்.

"அது மாடுங்க மாப்பிள்ளை," என்றார்.

என் மனைவியின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன், சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். 8.52க்கு மாமனார் வாயைப் பெரிதாகத் திறந்து கொட்டாவி விட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. துண்டால் துடைத்துக்கொண்டு, கட்டிலைப் பிடித்து எழுந்தார்.

"பதில் வந்துருச்சுங்க," என்றார்.

குறட்டை 9.10க்குத் தொடங்கியது.

நான் படுத்தேன். தூக்கம் வரவில்லை. ஜன்னலில் பச்சை வெளிச்சம் சுவரில் விழுந்தது. ஜங்ஷன் பக்கம் கூட்ஸ் வண்டி ஒன்று மெதுவாகப் போனது. நான் கேஸைப் பற்றி நினைத்தேன். பார்த்தார், ஆனால் ஒரு முறைதானே பார்த்தார். பப்பாளி மரம் உண்மையிலேயே தெற்கே சாய்ந்துதான் இருக்கிறது. இத்தனை நாள் அதை நான் பொருட்படுத்தவில்லை. எழுந்து உட்கார்ந்தேன்.

"இப்போ டியூட்டி யாருங்க?" என்று இருட்டில் மனைவியின் குரல் கேட்டது.

"இல்லை, கேஸ் மட்டும் ஒரு தடவை..."

"ஸ்டேஷனே மூடியாச்சு. பேசாமப் படுங்க."

படுத்தேன். எப்போது தூங்கினேன் என்பது குறிப்பில் இல்லை.

ஆகஸ்ட் 9, புதன்கிழமை. நான் எழுந்தது 6.05. பதினொரு வருட நாட்குறிப்பில் அதுதான் மிகவும் தாமதம். மாமனார் இன்னும் எழுந்திருக்கவில்லை. மனைவி இரண்டு முறை போய், போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள். 6.25க்கு காம்பவுண்டுக்கு மேலே தோட்டத்துக்காரரின் தலை தெரிந்தது. கையில் ஒரு தூக்குப் போசி.

"சீம்பாலுங்க," என்றார். "மூணு நாப்பதுக்கு ஈனுச்சு. காளைக் கன்னு. ஒரு சிரமமும் இல்லை. உங்க சாமிக்கும் கொஞ்சம் குடுத்துடுங்க, பாவம்."

பேச்சுச் சத்தத்தில் மாமனார் எழுந்து வெளியே வந்தார். ஒரு பக்கக் கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. நான் சொன்னேன். "மூணு நாப்பதா?" என்று இரண்டு முறை கேட்டார். இத்தனை நாள் அது மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு கிடந்தவர். காம்பவுண்டைப் பிடித்துக்கொண்டு எக்கிப் பார்த்தார். கன்று ஏற்கனவே நின்றுகொண்டிருந்தது.

பல்கூடத் தேய்க்காமல், முதல் வேலையாக ஜன்னலுக்குப் போய் விளக்கை ஊதி அணைத்தார். என்னிடம் ஸ்கேலையும் பேனாவையும் கேட்டு வாங்கினார். நான் போட்ட நான்காம் கட்டத்தின் நடுவே, மேலிருந்து கீழ் வரை, நேராக ஒரு கோடு இழுத்தார். பிறகு அதன் பக்கத்தில் எழுதினார்:

ஸ்டேஷன் திறந்தது 6.30. மாடு ஈன்றது 3.40. அப்போது நான் இல்லை.